வீட்டுப் பவளத் தொட்டியில் பிழை நீக்கும் வழிமுறை: அறிகுறியிலிருந்து காரணத்திற்கு

சொந்தமாகத் திட்டமிட்டு, கண்ணாடி ஒட்டி, குழாய் பொருத்திக் கட்டிய கடல்நீர்ப் பவளத் தொட்டியில் ஒரு கோளாறு தென்பட்டவுடன் பெரும்பாலோரின் கை மருந்துப் புட்டியைத்தான் தேடுகிறது. பவளம் சுருங்கினால் ஒரு சத்துக் கரைசல், பாசி படர்ந்தால் ஒரு பாசிக்கொல்லி, தண்ணீர் கலங்கினால் ஒரு தெளிவூட்டி என்று அடுத்தடுத்துச் சேர்ப்பதால், முதலில் நேர்ந்த பிழை எதுவென்றே பிறகு அறிய முடியாமல் போகிறது. இத்தகைய தொட்டிகளைக் கட்டியும் திருத்தியும் வந்த அனுபவத்தில் நான் கடைப்பிடிக்கும் வரிசை ஒன்று உண்டு. முதலில் அளவுகருவியைச் சந்தேகிக்க வேண்டும், அடுத்து கட்டுமானத்தையும் பம்புகளையும், பிறகு தண்ணீரை, கடைசியாகத்தான் உயிரினத்தை. கீழே உள்ள அறிகுறிகளை இந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லா அளவுகளும் சரி, ஆனாலும் பவளங்கள் விரிவதில்லை

இந்த அறிகுறிக்கு முதற்பொருள், அளவுகள் சரியில்லை என்பதே. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரைப் பலரும் தூய நீரை விட்டுச் சுழியத்தில் நிறுத்திவிட்டு, அது 35-லும் சரியாகக் காட்டும் என்று நம்பிவிடுகிறார்கள். சுழியத்தில் சரியாக இருக்கும் கருவி மேல் அளவில் பிசகலாம். தவிர, விலை குறைந்த கருவிகள் பல கடல்நீருக்காக அளவிடப்படாமல் சாதாரண உப்புக் கரைசலுக்காக அளவிடப்பட்டவை. ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள கடல்நீருக்கு இணையான அளவைக் கரைசலை விட்டு, அந்தப் புள்ளியிலேயே கருவியைத் திருத்த வேண்டும். என் தொட்டி ஒன்றில் இரண்டு வாரம் பவளங்கள் மூடியே கிடந்தபோது நான் தண்ணீரில் ஏதேதோ தேடினேன். அளவைக் கரைசலை வாங்கி வந்து பார்த்த அன்றுதான், 35 என்று நான் படித்துக்கொண்டிருந்த தண்ணீர் உண்மையில் 38-ஐத் தாண்டியிருந்தது தெரிந்தது.

காரத்தன்மை, கால்சியம், பாஸ்பேட் ஆகியவற்றைச் சோதிக்கும் வேதிப்பொருள்களின் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். ஐயத்திற்குரிய அளவு எதுவானாலும் வேறொரு சோதனைப் பெட்டியால் மறுமுறை அளந்த பிறகே அதை நம்புவது நல்லது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உரிய இலக்குகள் இவை: வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி செல்சியஸ், ஒப்படர்த்தி 1.026, காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு; பின்வரும் அளவுகளும் இதிலேயே) அளவில், மக்னீசியம் 1,300 அளவில், நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. இவற்றில் சற்று முன்பின் இருப்பதால் பெரிய தீங்கு வருவதில்லை. ஒரு நாளுக்குள் ஏறி இறங்குவதுதான் தீங்கு.

மின்சாரம் நின்றவுடன் தரையில் தண்ணீர்

திட்டமிடும் கட்டத்திலேயே தவிர்த்திருக்க வேண்டிய பிழை இது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும், அதன் குழாய்வாய் நீர்மட்டத்திற்குக் கீழே இருந்தால், அந்தக் குழாயே எதிர்த்திசையில் சைஃபனாக மாறித் தொட்டித் தண்ணீரைக் கீழே உள்ள சம்ப் என்னும் கீழ்த்தொட்டிக்கு இழுக்கத் தொடங்கும். குழாய்வாய் காற்றைக் காணும் வரை அது நிற்காது. 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 3 சென்டிமீட்டர் மட்டம் இறங்கினால் 21.6 லிட்டர் கீழே வந்துவிடும்; மேல்மட்டத் தண்ணீர் வழிந்து கீழே இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் நிற்கும் தண்ணீர் இதற்கு மேல்.

குழாய்வாயை மட்டத்திற்கு மிக அருகில் வைப்பதும், மட்டத்திற்குச் சற்றுக் கீழே ரிட்டர்ன் குழாயில் சிறு துளையிட்டுக் காற்று புகும்படி செய்வதும் இதற்குத் தீர்வு. அந்தத் துளையைப் பாசியும் சுண்ணப்படிவும் அடைத்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். ஒருவழி வால்வு போட்டிருக்கிறேன், கவலையில்லை என்று சொல்பவர்களின் துணிவு எனக்கு இல்லை. ஒரு சிறு நத்தையோ சுண்ணத் துகளோ சிக்கிக்கொண்டால் போதும், அந்த வால்வு மூடாது. சம்ப்பில் எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும் என்பதை ஏட்டுக் கணக்கில் விடாமல், பம்பை வேண்டுமென்றே நிறுத்தி, தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து, அதற்குக் கீழே இயங்குநிலை மட்டக் கோடு ஒன்றைச் சம்ப்பின் கண்ணாடியில் வரைந்துவிட வேண்டும். அந்தக் கோட்டிற்கு மேல் எந்நாளும் தண்ணீர் நிரப்பக் கூடாது.

எதிர்த்திசை விபத்தையும் சோதிக்க வேண்டும். வடிகுழாயை நத்தையோ பாசித் திரளோ அடைத்துவிட்டால், பம்ப் தன் அறையில் உள்ள தண்ணீர் முழுவதையும் மேலே ஏற்றிவிடும். அந்த அறையின் கொள்ளளவு, தொட்டியின் விளிம்பு வரை மீதமுள்ள இடத்தைவிடக் குறைவாக இருந்தால் தரை நனையாது. அவசர வடிகுழாய் ஒன்று தனியாக இருப்பது இன்னும் நல்லது.

தானியங்கி நீர் நிரப்பியின் மிதவை ஒட்டிக்கொண்டு, சேமிப்புக் கலத்தில் உள்ள நன்னீர் முழுவதும் தொட்டிக்குள் போவதும் உண்டு. மொத்தம் 400 லிட்டர் ஓடும் அமைப்பில் 20 லிட்டர் நன்னீர் கூடுதலாகக் கலந்தால் உப்பளவு 35-லிருந்து ஏறக்குறைய 33.3-க்கு இறங்கும், பவளங்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். அதே இடத்தில் 100 லிட்டர் கலம் வைத்திருந்தால் 28-க்கு இறங்கிவிடும். வாரக்கணக்கில் நிரப்பாமல் இருக்கலாம் என்ற வசதிக்காகப் பெரிய கலம் வைப்பவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் தொட்டிக்கு ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மின்தடை இல்லை, ஆனாலும் தாங்கு மேசை ஈரமாகவே இருக்கிறது

முதலில் அது கசிவா, உப்புப் பூத்தலா என்று பிரித்தறிய வேண்டும். விளிம்பில் தெறிக்கும் துளிகள் உப்பாகப் படிந்து, அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கீழே இறங்கும். எல்லா மூட்டுகளையும் நன்னீரால் துடைத்து உலர்த்தி, ஒவ்வொன்றின் அடியிலும் உலர்ந்த தாளை வைத்து ஒரு நாள் விட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கசிவது கண்ணாடி மூட்டு என்றால், வெளியிலிருந்து சிலிக்கோன் பூசுவது பயன் தராது. புதிய சிலிக்கோன் பழைய, இறுகிய சிலிக்கோன்மேல் உறுதியாக ஒட்டுவதில்லை; தொட்டியைக் காலி செய்து, பழையதை முழுவதும் சுரண்டி எடுத்து, கண்ணாடியைத் துடைத்த பிறகே மீண்டும் பூச வேண்டும். பூஞ்சைத் தடுப்பான் கலந்த குளியலறைச் சிலிக்கோனை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. மூட்டு ஏன் விட்டது என்பதையும் கேட்க வேண்டும். 400 லிட்டர் கடல்நீரின் எடை மட்டும் சுமார் 410 கிலோ. பாறை, மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். தாங்கு மேசையின் ஒரு மூலை சில மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் அந்தச் சுமை ஒரே மூட்டில் முறுக்கமாக ஏறும். அடிக்கண்ணாடி நேராக மேசையில் அமரும் சட்டமற்ற தொட்டிக்குக் கீழே நுரைப்பலகை வேண்டும். அடிக்கண்ணாடி சட்டத்திற்குள் தொங்கும் வகைத் தொட்டிக்கு அதை வைக்கவே கூடாது, ஏனென்றால் நுரை அந்த அடிக்கண்ணாடியை மேல்நோக்கித் தள்ளும்.

கையை விட்டால் சுரீரென்கிறது, அல்லது மின்கசிவுக் காப்புச் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது

உடனே எல்லா இணைப்புகளையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டும். எதைச் செருகும்போது கசிவுக் காப்பு விழுகிறதோ அதுவே குற்றவாளி. பெரும்பாலும் அது விரிசல் விட்ட ஹீட்டராகவோ பழைய பம்பாகவோ இருக்கும். 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பு இல்லாத இணைப்பில் கடல்நீர்த் தொட்டியை ஓட்டவே கூடாது. ஒவ்வொரு கம்பியும் செருகியை அடைவதற்கு முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், கம்பி வழியே இறங்கும் துளி செருகியைத் தொடாமல் கீழே சொட்டிவிடும்.

வெப்பநிலை ஓரிரவில் ஏறிவிட்டது

ஹீட்டரின் உள்ளே இருக்கும் வெப்பநிலைச் சுவிட்ச் ஒட்டிக்கொள்வதே வழக்கமான காரணம். 300 வாட் ஹீட்டர் ஒன்றுக்குப் பதிலாக 150 வாட் ஹீட்டர் இரண்டைப் போட்டு, அவற்றைத் தனியான கட்டுப்பாட்டுக் கருவியின் வழியே இணைத்தால், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தொட்டியைக் கொதிக்க வைக்கும் வலிமை அதற்கு இருக்காது. ஒன்று செத்துவிட்டாலும் மற்றது ஓரளவு காக்கும். வெப்பம் ஏறிய தண்ணீரில் உயிர்வளி குறைவு என்பதால், குளிர்விப்பதற்கு முன்பே மேற்பரப்பைக் கலக்கிவிட வேண்டும். மின்விசிறி ஆவியாதலால் குளிர்விக்கிறது. அதைப் போட்ட நாளிலிருந்து நன்னீர் நிரப்பும் அளவும் கூடும்.

வடிகுழாய் இரைச்சல், தொட்டிக்குள் நுண்குமிழ்கள்

ஒரே குழாயில் காற்றும் தண்ணீரும் சேர்ந்து விழுவதால் இரைச்சல் எழுகிறது. ஒரு குழாய் காற்றே புகாமல் முழுச் சைஃபனாக ஓடும்படி கேட் வால்வால் கட்டுப்படுத்தி, மீதமுள்ள சிறு ஓட்டத்தை இரண்டாவது குழாயில் விட்டால் சத்தம் அடங்கிவிடும். நுண்குமிழ்களுக்குச் சம்ப்பின் தடுப்புகளையும் பம்ப் அறையின் மட்டத்தையும் பார்க்க வேண்டும்; பம்பின் உறிஞ்சுபக்க இணைப்பு தளர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் கசியாது, காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் திடீரென நுரைத்து வழிந்தால், பாறை ஒட்டும் பசையோ கையில் இருந்த எண்ணெய்ப்பசையோ தண்ணீரில் கலந்திருக்கும். ஓரிரு நாளில் தானாகவே அடங்கும்.

தண்ணீர் பால்போல வெளுத்துவிட்டது

எப்போது வெளுத்தது என்பதே இங்கே சாவி. கால்சியம் அல்லது காரத்தன்மைக் கரைசலை ஊற்றிய சில நிமிடங்களில் வெளுத்திருந்தால், அது கால்சியம் கார்பனேட் வீழ்படிவு. உடனே காரத்தன்மையை அளந்தால் குறைந்திருக்கும். அதைப் பார்த்துப் பதறி மேலும் ஊற்றினால் மேலும் வீழ்படியும். ஊற்றுவதை நிறுத்திவிட்டு, மக்னீசியம் குறைவாக இருந்தால் முதலில் அதை உயர்த்தி, பிறகே மற்றவற்றை நாள்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். இரண்டு கரைசல்களும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் விழாதபடி வைக்க வேண்டும். பம்பும் ஹீட்டரும் வெள்ளைப் பொருக்கு ஏறியிருந்தால், சிட்ரிக் அமிலக் கரைசலிலோ வினிகரிலோ ஊறவைத்தால் விட்டுவிடும்.

ஒரு நாளில் மெல்ல மெல்ல வெளுத்து, மீன்கள் மேற்பரப்பில் வாய்திறந்து மூச்சிழுத்தால், அது பாக்டீரியாப் பெருக்கம். சர்க்கரையோ வினிகரோ ஊற்றி நைட்ரேட்டைக் குறைக்க முயன்றவர்களின் தொட்டியிலும், சரியாகப் பதப்படாத பாறையை நுழைத்த தொட்டியிலும் இது வரும். அந்தப் பாக்டீரியாக்கள் உயிர்வளியை உண்டுவிடுவதால், காற்றூட்டலே உயிர்காக்கும் முதல் வேலை.

எங்கும் பழுப்பு

இந்த ஓர் அறிகுறிக்குள் மூன்று வேறுபட்ட நிலைகள் ஒளிந்திருக்கின்றன; ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றைக் கொழிக்க வைக்கும். தொட்டி தொடங்கிய முதல் சில வாரங்களில் மணல்மேல் மாவுபோலப் படிந்து, தொட்டால் எளிதில் கலைந்தால், அது டயட்டம் என்னும் நுண்பாசி. தண்ணீரில் உள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போய்விடும். பழைய தொட்டியில் அது திரும்ப வந்தால், தண்ணீரைச் சவ்வால் வடிக்கும் ஆர்.ஓ. அமைப்பின் கடைசிக் கட்டத்தில் உள்ள அயனி நீக்கும் பிசினைப் பார்க்க வேண்டும். பிசின் தீரும்போது முதலில் நழுவி வருபவற்றில் சிலிக்கேட்டும் ஒன்று, அதுவும் தண்ணீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் உயர்வைக் காட்டுவதற்கு முன்பே.

செம்பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ விரிப்புபோலப் படர்ந்து, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோல்போல உரிந்து வந்தால், அது சயனோபாக்டீரியா. ஓட்டம் குறைந்த மூலைகளில் தொடங்கும். உறிஞ்சி எடுப்பது, நீரோட்டத்தை அந்தப் பக்கம் திருப்புவது, கழிவைக் குறைப்பது என்ற பொறுமையான வழியையே நான் விரும்புகிறேன். எதிருயிரி மருந்துகள் அதை ஓரிரவில் அழித்தாலும், செத்தது அழுகும்போது உயிர்வளி சரிவதும், காரணம் நீங்காததால் அது மறுபடி முளைப்பதும் வழக்கம்.

மூன்றாவதுதான் கொடியது. சளிபோன்ற பழுப்பு இழைகள், நுனியில் காற்றுக்குமிழ்கள், பகலில் தடித்து இரவில் குறையும் போக்கு, அத்துடன் நத்தைகள் ஒவ்வொன்றாகச் சாவது என்று இருந்தால் அது டைனோஃபிளாஜெல்லேட். உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. அந்தச் சளியைத் தொட்டித் தண்ணீருடன் புட்டியில் எடுத்து, நன்றாகக் குலுக்கி, மெல்லிய வடிதாளில் வடிகட்டி, வடிந்த தெளிநீரை ஒரு மணிநேரம் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். மீண்டும் இழைகளாகத் திரண்டால் ஐயம் தேவையில்லை. 400 மடங்கு உருப்பெருக்கும் நுண்ணோக்கி கிடைத்தால் இனத்தையே பார்த்துவிடலாம்.

இங்கே பலரும் செய்யும் பிழை, இதையும் பாசி என்று எண்ணித் தண்ணீரை மேலும் சுத்தப்படுத்துவது. உயிரற்ற உலர்பாறையில் தொடங்கி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்தைத் தொட்ட தொட்டிகளில்தான் இவை மிகுதியாக எழுகின்றன. போட்டியிடும் மற்ற நுண்ணுயிர்கள் பட்டினியில் ஒடுங்கிய இடத்தை இவை பிடித்துக்கொள்கின்றன. ஆகவே பாஸ்பேட் உறிஞ்சியை வெளியே எடுத்து, தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் நிறுத்தி, நைட்ரேட்டை 5 முதல் 10-க்கும் பாஸ்பேட்டை 0.1 அளவிற்கும் கரைசல் சேர்த்தேனும் உயர்த்தி, அங்கேயே நிலைநிறுத்த வேண்டும். ஆஸ்ட்ரியாப்சிஸ் இனம் இரவில் நீரில் மிதந்து எழுவதால் புற ஊதா விளக்கு அதை நன்றாகக் குறைக்கும். ஆம்ஃபிடினியம் மணலிலேயே தங்குவதால் அந்த விளக்குக்கு அகப்படுவதில்லை. மூன்று நாள் இருட்டடிப்பு மட்டும் செய்தால் தொட்டி பளிச்சென்று ஆகும், ஆனால் ஊட்டப்பொருள்கள் சுழியத்திலேயே இருந்தால் பத்து நாளில் சளி திரும்பிவிடும்.

பி.எச். 7.8-ஐத் தாண்டுவதில்லை

ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரை வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று, ஒரு மணிநேரம் காற்றூட்டி மறுபடி அளந்தால் விடை கிடைக்கும். பி.எச். ஏறினால், மூடிய அறைக்குள் சேரும் கார்பன் டை ஆக்சைடே காரணம். ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை வெளிக்காற்றுக்கு நீட்டுவதே நேரான தீர்வு. பி.எச். உயர்த்தும் பொடியை ஊற்றினால் சில மணிநேரம் எண் ஏறும், பிறகு இறங்கும். அதற்குள் காரத்தன்மை தேவையின்றி உயர்ந்து நின்றுவிடும். 7.8 முதல் 8.4 வரை எங்கிருந்தாலும் பவளங்கள் வாழும் என்பதால், இந்த ஓர் எண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பவளம் வெளிறுகிறது, கருக்கிறது, சதை உரிகிறது

மூன்றையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. சதை இருக்கிறது, நிறம் மட்டும் போய்விட்டது என்றால், பவளம் தன் சதைக்குள் வாழும் நுண்பாசிகளை இழந்திருக்கிறது. புதிய விளக்கு, திடீரென உயர்த்திய ஒளி, வெப்பம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். விளக்கின் வலிமையைக் குறைத்து, வாரக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். மென்பவளங்களுக்கு 50 முதல் 100, பெரிய பாலிப் (பவளத்தின் தனி உயிர்) வகைகளுக்கு 75 முதல் 150, அக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் வகைகளுக்கு 200 முதல் 350 என்ற பி.ஏ.ஆர். (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி) அளவு பொதுவாகப் பொருந்தும். மாறாக, நிறம் பழுப்பாகக் கருத்தால் நுண்பாசிகள் பெருகிவிட்டன. ஒளி குறைவு அல்லது ஊட்டப்பொருள் மிகுதி.

வெள்ளை எலும்பு தெரியும்படி சதை உரிந்தால் நேரம் குறைவு. முதலில் காரத்தன்மையை அளந்து, கடந்த வார அளவுகளுடன் ஒப்பிட வேண்டும். ஒரு நாளில் 1 டி.கே.எச்.-க்கு மேல் ஏறியிருந்தாலோ இறங்கியிருந்தாலோ வேறு காரணம் தேடுவதற்கு முன் கரைசல்களை அளவாகச் சேர்க்கும் டோசிங் பம்பைச் சோதிக்க வேண்டும். அதன் குழாய் தளர்ந்தால் அளவு குறையும், புதிதாக மாற்றிய பின் திருத்தாவிட்டால் கூடிவிடும். பவளம் எலும்பு கட்டும்போது 1 டி.கே.எச். காரத்தன்மைக்குச் சுமார் 7 பி.பி.எம். கால்சியம் செலவாகும். உங்கள் தொட்டியில் காரத்தன்மை சரிந்தும் கால்சியம் அசையவில்லை என்றால், இந்தச் சிறு விகிதத்தால்தான். சோதனைப் பெட்டிக்கு அந்த மாற்றம் தெரியாது. ஆகவே தினமும் அளக்க வேண்டியது காரத்தன்மை. நுனிகள் மட்டும் கருகினால், ஊட்டப்பொருள் மிகக் குறைந்த தண்ணீரில் காரத்தன்மையை 10, 11 என்று ஏற்றி வைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

காரத்தன்மை அசையாமலிருந்தும் உரிந்தால், துருப்பிடித்த காந்தத்தையும் குழாய்க் கவ்வியையும் தேட வேண்டும். கண்ணாடி துடைக்கும் காந்தத்தின் உறை விரிந்து உள்ளே துரு ஏறுவது கண்ணுக்கு எளிதில் தெரியாது. அதன் பிறகே ஒட்டுண்ணி. அக்ரோபோராவின் அடித்தண்டில் முட்டைத் திட்டுகளும் கடித்த வட்டத் தழும்புகளும் இருந்தால் தட்டைப்புழு. மான்டிபோராவின் ஓரம் அரிக்கப்பட்டிருந்தால் வெண்ணிற ஓடிலா நத்தை. பவளத்தை முக்கி எடுக்கும் மருந்துக் குளியல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆகவே வாரம் ஒருமுறை பலமுறை செய்ய வேண்டும்.

மீன்மேல் வெண்புள்ளி

உப்புக்கல்போலப் புள்ளிகள் வந்து, சில நாளில் மறைந்து, மீண்டும் கூடுதலாக வந்தால் அது கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணி. மறைந்த நாளில் அது மீனை விட்டு மணலில் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது; சேர்த்த மருந்து வேலை செய்துவிட்டது என்ற ஏமாற்றம் இங்கிருந்தே பிறக்கிறது. மாவு தூவியதுபோல நுண்ணிய படலம், விரைந்த மூச்சு, நீரோட்டத்தை எதிர்த்து நிற்றல், ஒளியைத் தவிர்த்தல் ஆகியவை சேர்ந்தால் அது அமிலூடினியம். நாள்கணக்கில் தொட்டியையே காலி செய்துவிடும், காத்திருக்க நேரமில்லை.

இரண்டுக்கும் வழக்கமான மருந்து தாமிரம். அதைப் பவளத் தொட்டியில் ஒரு துளிகூட விடக் கூடாது. முதுகெலும்பற்ற உயிர்கள் எல்லாம் இறக்கும், பாறையும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மீன்கள் அனைத்தையும் பாறையும் மணலும் இல்லாத தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருத்துவம் செய்து, பவளத் தொட்டியை 76 நாள் மீனின்றி விட வேண்டும். ஒரே ஒரு மீனைப் பிடிக்க முடியவில்லை என்று விட்டுவிட்டால், அந்த 76 நாளும் வீண்.

பாறையில் கண்ணாடி அனிமோனியும் வேண்டாத சோவாந்திட்களும்

அய்ப்டேசியா என்னும் சிறு அனிமோனியைக் கத்தியால் சுரண்டினால் ஒவ்வொரு துண்டிலிருந்தும் புதிதாக முளைக்கும். சுண்ணாம்புக் குழம்பை ஊசியால் அதன் வாயருகே செலுத்துவதும், அதை உண்ணும் பெப்பர்மின்ட் இறாலை விடுவதும் பயன் தரும். சோவாந்திட், பாலித்தோவா என்னும் பவளத்தின் உறவின உயிர்கள் படர்ந்த பாறையைச் சுத்தம் செய்ய வேண்டி வந்தால், அதை வெந்நீரிலோ கொதிநீரிலோ இடவே கூடாது; தூரிகையால் உலர்வாகத் தேய்க்கவும் கூடாது. அவற்றில் இருக்கக்கூடிய பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு ஆவியோடும் தெறிப்போடும் மூச்சில் கலந்து, வீட்டில் உள்ள எல்லோரையும் மருத்துவமனைக்கு அனுப்பும் வலிமை கொண்டது. கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, பாறையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து வேலை செய்ய வேண்டும். கண்ணில் தெறித்தாலோ, வேலை முடிந்த சில மணிநேரத்தில் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தாலோ, பவளத்தைக் கையாண்டதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.